இன்னொரு குவியலில் உன் செருப்பு

அயித் பூகர்
12 செப்டம்பர் 2005

அண்ணன் ஜிலாலிக்கு,

மோஹா எழுதுவது. எழுதுவது என்றால் நிஜமாகவே எழுதுவது. நான் சொல்ல இமாம் எழுதவில்லை. மருமகன் இதிரும் எழுதவில்லை. பேனா என் கையில் இருக்கிறது. முதல் வரி முடிவதற்குள் இத்தோ அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து, அவள் தேநீர் போட்டு, அது ஆறியும் போய்விட்டது. ஆறிய தேநீர் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

பள்ளிவாசலில் முதியோர் வகுப்பு நடக்கிறது. என் காதுக்கு டெலிபோன் உதவாது என்பது உனக்குத் தெரியும். நீ அந்தப் பக்கம் கத்துவாய், நான் இந்தப் பக்கம் "அல்ஹம்துலில்லாஹ்" என்பேன், அதோடு பேச்சு முடிந்துவிடும். இனி அப்படி இல்லை.

போன வாரம் இமாம் ஆளுக்கு ஒரு வரி சொந்தமாக எழுதச் சொன்னார். "என் அண்ணன் ஜிலாலி சமவெளியில் இருக்கிறான்" என்று எழுதினேன். இமாம் தெற்கிலிருந்து புதிதாக வந்தவர். பலகையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன பெரியவரே, நீங்க மலைக்கார அமாசிக். அவரு சமவெளி அரபு. அவரு எப்படி உங்களுக்கு அண்ணன்?"

வகுப்பே சிரித்தது. நான்தான் விளக்கினேன். மொராக்கோவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருடம் உங்கள் ஊரும் எங்கள் ஊரும் உடன்படிக்கையைப் புதுப்பித்ததையும், உங்கள் ஆண்களின் வலக்கால் செருப்பெல்லாம் ஒரு கம்பளி அங்கிக்கு அடியிலும் எங்களுடையது இன்னொன்றின் அடியிலும் குவிந்து கிடந்ததையும், இரண்டு பெரியவர்கள் ஆளுக்கொரு குவியலில் கைவிட்டு ஒரே நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்ததையும் சொன்னேன். எந்தச் செருப்போடு எந்தச் செருப்பு வந்ததோ அந்த இரண்டு பேரும் சாகும்வரை சகோதரர்கள். யார் மூத்தவன் என்ற பேச்சே வரக்கூடாது என்பதால் இருவருமே ஒருவரை ஒருவர் அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருவன் கேட்டதை மற்றவன் மறுக்கக் கூடாது.

"எதக் கேட்டாலுமா?" என்றார் இமாம்.

"எதக் கேட்டாலும். அதனாலதான் நாங்க ரொம்பக் கேக்கிறதில்ல" என்றேன்.

பனி விழுந்ததும் ஆடுகளை எப்போதும் போல உன் தரிசுக்கு இறக்குவேன். இந்த வருடம் குட்டிகள் அதிகம்.

இன்னொன்று. பஸ் டிரைவர் ஒரு சேதி சொன்னான். வியாழன் சந்தையில் நீ ஒரு ஃபெஸ் நகரத்துக்காரரோடு காரில் போனாயாமே? முன் சீட்டிலாமே? யார் அவர்?

மோஹா

---

உலாத் ஸ்மீன்
25 செப்டம்பர் 2005

அண்ணன் மோஹாவுக்கு,

உன் கடிதத்தை யாம்னாவுக்குப் படித்துக் காட்டினேன். காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க எழுத்தைவிட அவரு எழுத்து நல்லா இருக்கு" என்கிறாள். அவளுக்கு ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. குர்ஆன் பள்ளியில் பிரம்படி வாங்கி நான் கற்ற எழுத்தை நீ ஒரே கோடையில் தாண்டிவிட்டாய் என்று வீட்டில் பேச்சு. சந்தோஷம்தான். முழுச் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன்.

காரைப் பற்றிக் கேட்டாய். அவர் ஸி தௌஃபீக். ஃபெஸ்ஸில் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் எல்லையில் அவருக்கு ஆலிவ் தோப்பு உண்டு. சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டை மெக்னெஸ் நகர மைதானத்தில் கொண்டாடப் போகிறார்கள். அதற்கு ஒரு விழாக் குழு, அதற்கு இவர் தலைவர். நம் செருப்பு உடன்படிக்கையைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார். அதை மைதானத்தில் செய்ய வேண்டுமாம். இரண்டு ஊருக்கு மட்டும் இல்லை, நாடு முழுவதற்கும். மலை, சமவெளி, பாலைவனம், நகரம், கடற்கரை என்று எல்லா இடத்து ஆட்களும் செருப்பைப் போட வேண்டும். டெலிவிஷனில் வரும்.

சமவெளிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வீடு தேடி வந்து கேட்டார்கள் மோஹா. என் வாழ்நாளில் யாரும் என்னை எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. வரும்போது ஒரு பெட்டி மான்கொம்பு கொண்டுவந்தார். பாதாமும் பன்னீரும் வைத்துப் பிறை மாதிரி வளைத்த ஃபெஸ் பலகாரம். வாயில் போட்டதும் கரைகிறது. உனக்கு எடுத்துவைக்க நினைத்தேன், பேரப்பிள்ளைகள் விடவில்லை.

எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் செருப்பு கொடுப்பார்களாம், மேலே பச்சை நட்சத்திரம் தைத்து. வெறும் காட்சிதான். மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன் அண்ணன் ஜிலாலி

---

அயித் பூகர்
9 அக்டோபர் 2005

மரியாதைக்குரிய ஜிலாலி அவர்களுக்கு,

நோன்பு நல்லபடி போகிறதா? உங்கள் உடல்நலம் எப்படி? ஸி தௌஃபீக் அவர்களின் உடல்நலம் எப்படி? காரின் உடல்நலம் எப்படி?

கடிதத்தை நானே படித்தேன். படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று முதல் முறையாகத் தோன்றியது. இமாம் படித்திருந்தால் மான்கொம்பு வரும் இடத்தைத் தாண்டியிருப்பார். அவர் நல்ல மனிதர்.

காட்சி என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமான ஒருவன் வேறு ஊரில் போய் மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்துவிட்டு, வெறும் காட்சிதான் என்று பெண்டாட்டிக்குச் சொல்லி அனுப்புவானா? இதை இத்தோவிடம் சொன்னேன். அவள் உருட்டிக்கொண்டிருந்த மாவை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நாப்பத்தெட்டு வருஷமா நான் உங்ககூட இருக்கேன். எனக்காக ஒரு நாள் இப்படிப் பொறாமப்பட்டிருக்கீங்களா? அந்த அரபுக்காரருக்காக நோன்பு திறக்கக்கூட வராம மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

எங்கள் ஊருக்கும் குழுவிலிருந்து ஆள் வந்தது. சிஹாம் என்ற அதிகாரி. நல்ல பெண். அமாசிக் சார்பில் என்னை அழைக்கிறார்கள். வெள்ளை அங்கி, வெள்ளித் தோடு, தப்பு மேளம், எல்லாம் வேண்டும், ஆடவும் வேண்டும் என்றாள். மருமகன் இதிர் குறுக்கே வந்தான். பள்ளிக்கூட வாத்தியார் அல்லவா, அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் உண்டு. "மாமா, வருஷத்துல ஒரு நாள் நம்மள மேடையில ஆட வெப்பாங்க. மத்த நாளெல்லாம் நம்ம பாஷையில மனுக் குடுத்தா வாங்க மாட்டாங்க. நீங்க போகக் கூடாது. அந்த ஜிலாலியோட உறவும் போதும். அம்பது வருஷமா அவரு நம்ம பாஷையில நாலு வார்த்த கத்துக்கிட்டாரா?"

கற்றுக்கொண்டிருக்கிறார் என்றேன். ஆடு, தண்ணீர், வா, உட்கார். உங்களுக்கு அதற்குமேல் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் வரமாட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். என் செருப்புக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. உங்களுடையதற்கு இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
மோஹா

---

உலாத் ஸ்மீன்
22 அக்டோபர் 2005

மோஹா,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். பக்கம் முழுக்க. இவ்வளவு மெதுவாக எழுதுகிறவன் ஒவ்வொரு முறையும் யோசித்துத்தானே எழுதியிருப்பாய்? ஒரு இடத்திலாவது கை தவறி "நீ" என்று வந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

சரி, நானும் கேட்கிறேன். உன் மருமகன் நீலமும் பச்சையும் மஞ்சளுமாக ஓர் அமாசிக் கொடியை வீட்டுக்குள் மாட்டியிருக்கிறானே, அதன் அடியில் உட்கார்ந்துதானே நீ நோன்பு திறக்கிறாய்? நான் ஏதாவது கேட்டேனா? போன குளிர்காலம் ஆடுகளோடு அவனும் வந்தபோது என் வீட்டுக் கூஸ்கூஸைச் சாப்பிட்டுக்கொண்டே, "அரபுக்காரங்க நீங்களெல்லாம் இந்த மண்ணுக்குப் பின்னால வந்தவங்க" என்றான். பின்னால் என்றால் ஆயிரத்து முந்நூறு வருடம்! யாம்னா அவனுக்கு இன்னும் ஒரு கரண்டி இறைச்சி வைத்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. ஏன்? அவன் உன் மருமகன்.

எங்கள் ஊராட்சித் தலைவர் மட்டும் என்ன ஒழுங்கு? நேற்று காபிக்கடையில் எல்லார் முன்னாலும் சொல்கிறார்: "ஊருக்கு ஒரு பாஷ, வீட்டுக்கு ஒரு கொடின்னு இருந்தா நாடு எங்க இருக்கும் ஜிலாலி? மலைக்காரனுக்குத் தனியா ஒரு அண்ணன் எதுக்கு? எல்லாரும் எல்லாருக்கும் அண்ணன். அவங்க ஆட்ட மட்டும் எதுக்கு உன் தரிசுல விடற? ஏலத்துல விடு, யார் வேணா எடுக்கட்டும்." உனக்காக நான் அவரோடு சண்டை போட்டேன். என் தேநீருக்கு அவர் காசு கொடுக்க வந்ததை வேண்டாம் என்றேன். அது இங்கே பெரிய சண்டை.

மறுபடியும் சொல்கிறேன், இது வெறும் காட்சி. உனக்கு என்மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் நேராகச் சொல். மரியாதையாகச் சொல்லாதே.

ஜிலாலி

---

அயித் பூகர்
9 நவம்பர் 2005

அண்ணா,

பெருநாள் வாழ்த்து. நீ, நீ, நீ. போதுமா?

உன் கடிதம் வந்ததிலிருந்து எழுத உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து இருக்கிறேன். நம்பிக்கை இல்லை என்று சொல்லவில்லை. உன் ஊராட்சித் தலைவர் சொன்ன அந்த வார்த்தைதான் எனக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. எல்லாரும் எல்லாருக்கும் அண்ணன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பனி விழும்போது நான் யார் வீட்டு வாசலில் ஆட்டை நிறுத்துவது? எல்லார் வீட்டு வாசலிலுமா? எல்லாரும் என்றால் கதவைத் திறக்கப்போவது யார்?

இதிர் சொல்வதும் எனக்கு ஒத்துப்போகவில்லை. அவன் சொல்கிறபடி நடந்தால் மலைக்காரனுக்கு மலைக்காரன் மட்டும்தான். அப்போதும் நீ எனக்கு இல்லை. இரண்டு பக்கமும் நாட்டைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறார்கள். இரண்டிலும் உனக்கும் எனக்கும் இடம் இல்லாமல் போகிறது.

அந்த மைதானத்தில் யாரோ ஒருவன் செருப்பு உன் செருப்போடு வெளியே வருவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் கேட்டால் நீ மறுக்க மாட்டாய். நீ அப்படிப்பட்டவன். அவனுக்கு அது காட்சியாக இருக்கும், உனக்கு இருக்காது. உன்னை எனக்குத் தெரியும்.

அதனால் கேட்கிறேன். இதுவரை உன்னிடம் செருப்பின் பேரால் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அந்த விழாவுக்குப் போகாதே.

மோஹா

---

உலாத் ஸ்மீன்
9 நவம்பர் 2005

அண்ணன் மோஹாவுக்கு,

பெருநாள் வாழ்த்து. கோபத்தில் எழுதிய கடிதத்துக்கு மன்னித்துவிடு. நீ பதில் போடாததால் நானே எழுதுகிறேன்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. யாம்னாவிடம் சொன்னேன். "இது அஞ்சு வாரத்துக்கு முன்னாடியே வந்திருந்தா ரெண்டு பேரும் நிம்மதியா நோன்பு இருந்திருப்பீங்க" என்றாள். நேற்று அந்த சிஹாமைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தாள், பிறகு கொஞ்சம் கண் கலங்கினாள். மலைக் குவியலில் உன் செருப்பையும் சமவெளிக் குவியலில் என் செருப்பையும் மேலாக வைத்து முதல் ஜோடியாக எடுக்கச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். நாடே பார்க்கும்போது உன் செருப்பும் என் செருப்பும் மறுபடி ஒன்றாக வெளியே வரும். ஐம்பது வருடத்துக்கு முன் இரண்டு ஊர் மட்டும்தான் பார்த்தது.

நீ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாய், தெரியும். அதனால் இதுவரை கேட்காததைக் கேட்கிறேன், செருப்பின் பேரால் கேட்கிறேன். மெக்னெஸ்ஸுக்கு வா.

உன் அண்ணன் ஜிலாலி

---

அயித் பூகர்
21 நவம்பர் 2005

அண்ணா,

இரண்டு கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன்னுடையது என் கைக்கு வந்தபோது விழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. என்னுடையது உனக்குக் கிடைத்திருந்தால் நீ வரமாட்டாய் என்பதும் தெரியும். இருந்தாலும் நீ கேட்டுவிட்டாய். பஸ் ஏறினேன். இதிர் பஸ் நிலையம் வரை வந்து, "மாமா, அவங்க உங்களப் படம் புடிச்சு சுவத்துல மாட்டுவாங்க" என்று சொல்லிக்கொண்டே என் பையைத் தூக்கி மேலே வைத்தான்.

மைதானத்தில் முதலில் என் மஞ்சள் செருப்பை வாங்கிக்கொண்டார்கள். வெள்ளைச் செருப்பு கொடுத்தார்கள். கடிக்கிறது. ஒரு பக்கம் பாலைவனத்துக்காரர்கள் நீல அங்கியில், ஒரு பக்கம் கடற்கரைக்காரர்கள் இரும்புத் தாளத்தோடு. எல்லாரும் அவரவர் உடுப்பில், ஆனால் காலில் மட்டும் ஒரே செருப்பு. கீழே பார்த்தால் யார் எந்த ஊர் என்று தெரியவில்லை. மேலே பார்த்தால் சந்தைக்கு வந்த பொம்மைகள் மாதிரி இருந்தோம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இரும்புத் தாளக்காரர்களோடு என் தப்பையும் சேர்த்து அடித்தபோது கை நன்றாகவே போனது. எனக்குப் பிடித்திருந்தது. இதை இதிரிடம் சொல்லாதே.

நான் உன்னைத் தேடினேன். சிஹாமும் தேடினாள். "அவரு வரலையே ஐயா" என்றாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. என் கடிதம் உனக்குக் கிடைத்திருக்கிறது. நான் கேட்டதை நீ செய்திருக்கிறாய். அந்த ஆயிரக்கணக்கான பேர் நடுவில் நின்று எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

உன் இடம் காலியாக இருக்கக் கூடாது என்று ஸி தௌஃபீக் தன் வலக்கால் செருப்பைக் கழற்றிச் சமவெளிக் குவியலின் மேல் வைத்துவிட்டார். முதலில் எடுக்க வேண்டியது மேலே இருப்பது. அப்படி வைக்கச் சொன்னதும் நீதானே. எடுத்தார்கள். ஒரு கையில் என் செருப்பு, மறு கையில் அந்த மருந்துக்கடைக்காரர் செருப்பு.

கட்டிப் பிடித்தார். பன்னீர் வாசனை. பிறகு மைக்கைப் பிடித்துச் சொன்னார். ஒலிபெருக்கி என்பதால் என் காதுக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

"மோஹா அண்ணே, இப்ப நம்ம செருப்பு ஒண்ணாயிருச்சு. இனிமே நமக்கு மலையும் வேணாம், சமவெளியும் வேணாம். பழைய தனி உறவு எல்லாத்தையும் மறந்துருவோம். மொராக்கோங்கிற ஒரே உறவு போதும். உங்ககிட்ட இத நான் கேட்டுக்கறேன்!"

மைதானமே கை தட்டியது. கேட்டுவிட்டார் அண்ணா. செருப்பு ஒன்றாகி முதல் வாய்ப்பேச்சிலேயே கேட்டுவிட்டார். பழைய உறவை மறக்க வேண்டும் என்று.

நான் மறுக்க முடியுமா? ஒருவனுக்கு மறுத்தால் எல்லாருக்கும் மறுக்கலாம் என்றாகிவிடும். அப்புறம் உனக்கும் எனக்கும் நடுவில் இருப்பதுதான் என்ன?

மறப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இனி எழுதலாமா என்று தெரியவில்லை. ஆடுகளை இறக்கலாமா என்றும் தெரியவில்லை.

மோஹா

---

உலாத் ஸ்மீன்
1 டிசம்பர் 2005

அண்ணா,

நீ எழுதக் கூடாது என்றால் எழுதாதே. நான் எழுதக் கூடாது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அன்றைக்குக் காபிக்கடையில் ஊரே டெலிவிஷன் முன்னால் இருந்தது. போகாதவன் நான்தான் என்பதால் எனக்கு நடுவில் நாற்காலி போட்டார்கள், வேடிக்கை பார்க்க. நீ வந்தாய். உன் வெள்ளை அங்கி பளபளவென்று இருந்தது. வரச் சொன்னது நான், வராமல் இருப்பது நான் என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் உன்னைக் கட்டிப் பிடித்தார். "மலையும் நகரமும் தழுவிக்கொள்கின்றன" என்றது டெலிவிஷன். நாவிதன் ஹம்மாதி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஜிலாலி, உன் ஆளக் கொத்திட்டுப் போயிட்டாங்கப்பா" என்றான்.

நீ சிரித்தாய் மோஹா. அவர் கட்டிப் பிடித்தபோது உன் பல் தெரிந்தது. கூச்சத்தில் என்று யாம்னா சொல்கிறாள். எனக்கு உன் கூச்சமும் தெரியும், உன் சிரிப்பும் தெரியும்.

எனக்குப் பன்னீர் வாசனை கிடையாது. சாணி வாசனைதான். அதைச் சொல்லிவிட்டேன், இனி வேறு விஷயம்.

மலையில் பனி விழுந்துவிட்டதாம். மற்ற ஊர் மந்தைகள் இறங்கிவிட்டன. ஊராட்சித் தலைவர் தினமும் வந்து என் தரிசைப் பார்த்துவிட்டுப் போகிறார். யாரையும் விடவில்லை. காலையில் போய் ஓரத்தில் நிற்கிறேன், மாலையில் வருகிறேன். பைத்தியக்காரன் என்கிறார்கள்.

செருப்பின் பேரால் நான் உன்னிடம் "மறக்காதே" என்று கேட்கலாம். கேட்டால் நீ அந்தப் பக்கமும் மறுக்க முடியாது, இந்தப் பக்கமும் மறுக்க முடியாது. உன்னை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் இழுத்த மாதிரி ஆகும். அதனால் கேட்கவில்லை. இதைக் கேட்காமல் இருப்பதுதான் நான் உனக்காகச் செய்ததிலேயே கஷ்டமான காரியம். இது உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஜிலாலி

---

ஃபெஸ்
11 டிசம்பர் 2005

அண்ணா,

தேதிக்கு மேலே ஊர் பெயரைப் பார்த்துவிட்டுக் காகிதத்தைக் கசக்காதே. முழுவதும் படி.

உன் கடிதம் வந்த அன்றே கிளம்பினேன். "எங்க?" என்றாள் இத்தோ. ஃபெஸ்ஸுக்கு என்றேன். "அந்தப் புது அண்ணன் வீட்டுக்கா? போங்க, போங்க. வரும்போது எனக்கும் ஒரு அண்ணனப் புடிச்சிட்டு வாங்க" என்று கதவைச் சாத்தினாள்.

கதவைத் திறந்தவருக்கு என்னைத் தெரியவில்லை. உடுப்பு இல்லாமல் எப்படித் தெரியும்? "எந்தக் கம்பெனியிலேர்ந்து?" என்றார். நான் என் வலக்கால் செருப்பைக் கழற்றிக் காட்டினேன். ஒரு நிமிடம் பயந்துவிட்டார். பிறகு, "அட, மோஹா!" என்று உள்ளே அழைத்தார். மான்கொம்பு வைத்தார். நான் தொடவில்லை. உனக்காகத் தொடவில்லை.

"நீங்க கேட்டத நான் செய்ய முடியாம தவிக்கிறேன். அதத் திரும்ப வாங்கிக்கணும்" என்றேன்.

"நான் என்ன கேட்டேன்?"

"பழைய உறவ மறக்கச் சொல்லிக் கேட்டீங்க. மைக்குல."

சிரித்தார். "அது மேடைப் பேச்சு மோஹா. கமிட்டியில எழுதிக் குடுத்தாங்க, நான் படிச்சேன்."

"எழுதினது யாரா இருந்தாலும் கேட்டது உங்க வாய்தானே ஸி தௌஃபீக். என் ஆடெல்லாம் பனியில நிக்குது."

அப்புறம்தான் அவர் ஒழுங்காக உட்கார்ந்தார். எல்லாம் கேட்டார். உன்னைப் பற்றி, தரிசைப் பற்றி, தாண்டிப்போன கடிதங்களைப் பற்றி.

"அப்போ, அவரு போகாதேன்னு நீங்க கேட்டதுக்காக வரல. நீங்க, வான்னு அவரு கேட்டதுக்காக வந்தீங்க."

"ஆமா."

"ரெண்டு பேருக்கும் அது முட்டாள்தனம்னு தெரியும்."

"நல்லாத் தெரியும்."

சுவர் முழுக்கப் படங்கள். ஒரு மகன் லியோனில், ஒரு மகள் மான்ட்ரியலில். எழுந்து போய் மகளின் படத்தைத் துடைத்து நேராக மாட்டினார். பிறகு சொன்னார்: "என் அப்பா பிரெஞ்சுக்காரன் ஜெயில்ல இருந்தாரு. எல்லாரும் ஒண்ணு, எல்லாரும் ஒண்ணுன்னு சொல்லியே எங்கள வளத்தாரு. நானும் நம்பறேன், இப்பவும். ஆனா எனக்கு ஒரு காரியம் ஆகணும்னா கதவத் தட்ட, எல்லாருங்கிற பேர்ல ஒருத்தனும் இல்ல. பசங்களப் பெருநாளுக்கு வாங்கன்னு மூணு வருஷமாக் கேக்கறேன். அந்த ஜிலாலிக்கு நீங்க இருக்கீங்க. எனக்கு வயிறு எரியுது மோஹா."

உன்னைப் பார்த்து ஃபெஸ் நகரமே வயிறெரிகிறது அண்ணா. இதை நினைத்துக் கொஞ்சம் சந்தோஷப்பட்டுக்கொள்.

கடைசியில் சொன்னார்: "மறக்கச் சொன்னத வாங்கிக்கிறேன். ஆனா என்ன விட்டுருங்கன்னு சொல்ல வந்திருந்தீங்கன்னா, அது நடக்காது. செருப்பு வந்தது வந்ததுதான். விட மாட்டேன்."

"அப்ப வேற ஏதாவது கேளுங்க" என்றேன்.

"போன தடவ ஜிலாலி வீட்டுக்குக் கமிட்டித் தலைவனாப் போனேன். இந்தத் தடவ உங்க கூடப் போகணும். ஆட்டோட இறங்கி வருவீங்கல்ல, அப்படி."

மறுக்க முடியவில்லை. மருந்துக்கடைக்காரரை ஆட்டோடு நடத்திக் கூட்டிவர வேண்டும். ஊருக்கு அவரே டெலிபோனில் சேதி சொன்னார், இதிரும் வருகிறான். வழி முழுக்க அவரோடு சண்டை போடுவானாம், அதற்காகவே வருகிறானாம். வரும் வியாழன் விட்டு அதற்கடுத்த வியாழன் சந்தைக்குள் உன் தரிசில் இருப்போம்.

இதை அவர் மேசையில் வைத்து எழுதுகிறேன். எதிரே உட்கார்ந்து, "எவ்ளோ மெதுவா எழுதறீங்க" என்கிறார். உனக்கு எழுதுகிறேன் என்பதால் இன்னும் மெதுவாக எழுதுகிறேன்.

மோஹா

---

உலாத் ஸ்மீன்
17 டிசம்பர் 2005

அண்ணா,

கடிதத்தைக் கசக்கினேன். பிறகு யாம்னா பார்க்காத நேரத்தில் நீவிவிட்டுப் படித்தேன். இதைப் பஸ் டிரைவரிடம் கொடுக்கிறேன், வழியில் எங்கே ஆடு தெரிந்தாலும் நிறுத்தி உன் கையில் கொடுப்பான்.

வாருங்கள். தரிசில் புல் நன்றாக இருக்கிறது. ஊராட்சித் தலைவரிடம் சொல்லிவிட்டேன். மலைக்காரர் ஆடு வருகிறது, கூட ஃபெஸ்காரரும் நடந்து வருகிறார், ஏலம் விடுவதென்றால் மூன்று பேரிடமும் வந்து பேசட்டும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும்.

உன் இதிர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். பதில் சொல்ல இந்த முறை வாயைத் திறப்பேன் என்று அவனிடம் சொல்லிவை.

ஸி தௌஃபீக் வரட்டும். நடக்க முடியாவிட்டால் கழுதை அனுப்புகிறேன். இரவுச் சாப்பாட்டுக்கு நீ எனக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் எதிரில் உட்காரட்டும், என் கண்ணுக்கு நேராக.

நீ கதை சொல்கிறவன், அவர் கதை கேட்க ஆசைப்படுகிறவர், பாதை நீளமானது. எல்லாம் எனக்குத் தெரியும். அதனால் ஒன்று கேட்கிறேன். நீ மறுக்கக் கூடாது. நான் இதுவரை கேட்காத கதை எதையும் வழியில் அவரிடம் சொல்லிவிடாதே.

ஜிலாலி